கடைசி வரி

நயாகரா. இரவு பதினொன்று.
பில்லின் கடைசி வரியில் விரலை வைத்து
"இதென்ன வரி?" என்றார் அருள்நேசன்,
என் சட்டையில் 'நிரோஜினி'யைக் கண்டதும்
தமிழுக்கு மாறியவர்.
"தண்ணி தன்பாட்டில விழுது,
அதுக்கும் காசோ, பிள்ளை?"

படகால் இறங்கி நீங்கள் கழற்றி எறிந்த
சிவப்புப் பிளாஸ்டிக் கோட்டு
தன்பாட்டில எழும்பிப் போகாது, அண்ணை.

சொல்லவில்லை.
சொல்ல இன்னொன்றும் இருந்தது:
உங்கள் வருகையோடு சேர்ந்து
என் வாடகையும் ஏறியது,
கடைசி பஸ்ஸை விட்டால்
வெலண்ட் வரைக்கும் டாக்சி.
அந்த ஆறு டாலர்
என் தெருவிளக்கு வரைக்கும் வருமா,
எனக்கும் தெரியாது.

முனகிக்கொண்டே கையெழுத்திட்டார்,
வரிக்குக் கீழே இன்னொரு வரியாய்.
பிறகு, குரல் இறங்கி,
"லைற் நூர முன்னம்
ஒருக்கால் பாக்கலாமோ?"

"ஓடுங்கோ" என்றேன்.