பில் நம்பர் 417

ராக்கியண்ணன், அந்தியூர்,
விரலி ஒன்பது மூட்டை, கிழங்கு ஐந்து
என்று நான் அடித்தது மூன்றாம் முறை.
நாலாவது வரிக்கு வரும்போது
திரை கறுத்தது.
ஒரு நொடி என் முகம் அதில் தெரிந்தது,
பிறகு கம்பெனிச் சின்னம்,
பிறகு சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம்.

ராக்கியண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.
துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு
"ஆகட்டுமுங்க" என்றார்.
அவர் பஸ் நாலரைக்கு.

கதிரவன் இதற்கு மூன்று தடவை வந்து போய்விட்டான்.
முதலில் ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்தான்.
அடுத்த வாரம் எஸ்எம்பிஎஸ், ஆயிரத்து நானூற்றைம்பது.
அப்புறம் வைரஸ் என்றான்;
என் மகள் காதுகுத்துப் படங்களோடு சேர்த்துத் துடைத்தான்.
கடைசியில், "மதர்போர்டுங்கக்கா" என்று
டாக்டர் மாதிரிக் குரலைத் தாழ்த்தினான்.
முதலாளி, "ஆடித் தள்ளுபடி வரட்டும்" என்றார்.
அது சித்திரை மாதம்.

யூபிஎஸ் உயிரோடு இருந்தது. விசிறி சுற்றியது.
பெட்டியின் முதுகில் கை வைத்தேன்,
கறந்த பால் சொம்பின் சூடு, அவ்வளவுதான்.
உள்ளே தேடியதில் ஒரே ஒரு குறிப்பு:
'முந்தைய நிறுத்தம் எதிர்பாராதது.'
அது எனக்கும் தெரியும்.

அதனால் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம்
நேரம் எழுதிவைத்தேன்.
திங்கள் 2.12, 2.13, 2.31.
செவ்வாய் காலை முழுக்க, பிறகு 3.24.
புதன் ஏலம் இல்லை. ஒன்றுமில்லை.
வியாழன் 2.40, 2.46, 2.51, மூன்றும் ராக்கியண்ணன்.
எந்த நாளிலும்
மூன்று முதல் மூன்று இருபது வரை
ஒரு தடவைகூட இல்லை.

மூன்று மணிக்கு எது நிற்கிறது?
எழுந்து ஜன்னலைத் திறந்தேன்.
சுவருக்கு அந்தப் பக்கம்
லோடுமேன்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மாதேசண்ணா, ஒரு மூட்டை போடுங்க."
"எங்கீங்க?"
"எப்பவும் போடற எடத்துலதான்."
டம்ளரை வைத்துவிட்டு வந்தார்.
இரண்டு பேர் தூக்கி ஏற்ற,
நாலடி நடந்து முதுகைச் சாய்த்தார்.
அறுபத்தைந்து கிலோ,
தொம்.
மஞ்சள் புகை எழுந்தது.
என் மேசைத் தண்ணீரில் வட்டம்.
திரை கறுத்தது.

"இன்னொண்ணு."
கறுத்தது.

அவர் சிரிக்கவில்லை.
"மெல்ல வெக்கற எடையாங்க இது?
கூலியில புடிச்சுருவாங்ளா?"
பதில் என்னிடம் இல்லை.
தையல் மிஷின் ஸ்க்ரூடிரைவர் பையில் இருந்தது.

பக்கத் தகட்டைக் கழற்றினால்
உள்ளே ஒரு குட்டி மண்டி.
யாரோ பூசை போட்டுவிட்டு
குங்குமத்தை மட்டும் மறந்த மாதிரி.
முன்பக்கம், பவர் பட்டனுக்குக் கீழே,
துவரம்பருப்பு அளவில் இன்னொரு பட்டன்:
ரீசெட்.
மஞ்சள் பசையில் உள்வாங்கிப் போய்
ஒரு மயிரிழை தள்ளி நின்றது.
அதை ஒருநாளும் நாங்கள் தொட்டதில்லை.
தரைதான் அழுத்திக்கொண்டிருந்தது.

நீலம் ஒன்று, வெள்ளை ஒன்று.
நகத்தால் நெம்பி
இரண்டு ஒயரையும் பிடுங்கினேன்.
கதிரவன் வாங்கிய ஆயிரத்து நானூற்றைம்பது
கண்முன் வந்து போனது.

"போடுங்கண்ணா."
தொம். நின்றது.
"இன்னொண்ணு." நின்றது.
மூன்றாவதை நான் கேட்கவில்லை.
அவராகவே கொண்டுவந்து,
கொஞ்சம் ஓங்கியே போட்டார்.

நாலு பத்துக்கு பிரின்டர் கத்தியது.
ராக்கியண்ணன் பில்லை வெளிச்சத்தில் பிடித்து
ஈரத்துக்குக் கழித்த எடையை
இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு
ஓட்டமும் நடையுமாகப் போனார்.

சாயங்காலம் முதலாளி கேட்டார்:
"அப்ப, அவனுக ஓங்கிப் போட்டதாலதான்?"
"இல்லீங்க. பட்டன்."
"மூட்டை உழுந்தாத்தான் அணைஞ்சுதுன்னாங்களே?"
"பட்டனுங்க."

ஒயர் இரண்டும் இன்சுலேஷன் டேப் சுற்றி
பெட்டிக்குள் தொங்குகின்றன.
சுவருக்கு அந்தப் பக்கம் தொம் என்றால்
இன்னமும் என் கை
பாதி வரியில் நின்று
சேவ் பண்ணிவிட்டுத்தான்
மீதியை அடிக்கிறது.