ஆறாம் மேசை

மோட்டார் எரிந்த வாரம்
தண்ணீரில்லாமல் கை கழுவக் கற்றோம்.
உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு,
கட்டைவிரலைப் பிடித்து ஒரு திருகல்,
ஏழு படியும் உலர்ந்தே இறங்கினோம்.
ஓர் ஆளைக் கைகழுவிவிட மட்டும்தான்
தண்ணீர் வேண்டாம் என்று நினைத்திருந்தேன்.
மேட்டூர் திறந்துட்டாங்களாம், என்றாள் ரிஸ்வானா.
திருவாரூர் விடுதி ஜன்னலுக்கு வெளியே ஓடம்போக்கியில்
ஆகாயத்தாமரை மட்டும் பச்சையாக இருந்தது.

எங்கள் நோயாளி ரப்பர்.
மேனகா என்று பெயர் வைத்தது எந்த பேட்ச்சோ.
இடுப்பில் பதினோரு வருடக் குத்து, சல்லடை;
ஊசி தானாகவே வழி கண்டுகொள்ளும்.
கையில் ஓடுவது சிவப்பு மைத் தண்ணீர்.
அதற்கு மட்டும் பஞ்சமில்லை.

தேர்வில் மேசைக்கு ஐந்து நிமிடம்.
மணி அடித்தால் அடுத்த மேசை.
ஆறாவதில் மேனகா படுத்திருந்தாள்.
'நோயாளியின் பெயர் கேட்டல், அரை மதிப்பெண்.
செய்யப்போவதை விளக்கல், அரை.'
அம்மா, உங்க பேரென்ன, என்று கேட்டேன்.
கேட்டுவிட்டு
பதிலுக்கு நின்றுவிட்டேன்.
ஏன் என்று இப்போதும் தெரியாது.
கேட்டால் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று
வீட்டில் பழகிய பழக்கமாக இருக்கலாம்.
தேர்வாளர் பேனாவைத் தட்டினார்.
டூர்னிகெட் கட்டுவதற்குள் மணி.

பதிமூன்று. நேர மேலாண்மை போதாது.
ரிஸ்வானாவுக்குப் பத்தொன்பது.
கேட்டாள், நிற்கவில்லை.
மதிப்பெண்ணில் பொய்யில்லை,
கரண்ட் போனாலும் நரம்பு பிடிப்பாள் அவள்.

ஆடியில் பெண்கள் வார்டு.
நடவு வயலிலிருந்து ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள்,
முழங்கால்வரை சேறு.
விரலில் மாட்டிய கருவிக்கு
விரலே தெரியவில்லை. கோடு கோடாய்க் காட்டியது.
ஈரப் பஞ்சால் நகத்தைத் துடைத்தேன்.
சேறு போக, அடியில் மருதாணி.
அடுத்த விரல். அதற்கடுத்தது.
சுண்டுவிரலில் எண்பத்தாறு.
ரிஸ்வானா ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தாள்.
நான் குனிந்தேன்.
அம்மா, உங்க பேரென்ன.

நின்றேன்.

அஞ்சு, என்றாள். மூச்சு.
கம். மூச்சு.
கோட்டூர். மூச்சு.
பக்கம்.
மணி எதுவும் அடிக்கவில்லை.
ஓடிப்போய் டாக்டரிடம் அதைத்தான் சொன்னேன்,
பேரை முழுசா சொல்ல முடியல சார்,
நடுவுல மூச்சு வாங்குறாங்க.
எண்பத்தாறைச் சொல்ல மறந்துவிட்டேன்.
அதை ரிஸ்வானா சொன்னாள்.

இரவு, பதிவேட்டின் கடைசிக் கட்டம்.
'இன்றைய கற்றல் விளைவு.'
பதிலுக்கு நின்றேன் என்று எழுதி
அடித்துவிட்டு
ஆக்சிஜன் முகமூடி பொருத்துதல் என்று எழுதினேன்.
அதற்குத்தான் கையெழுத்து கிடைக்கும்.

குழாய் இருமியது, காறியது,
கலங்கலாய் ஒரு வாய் துப்பியது.
நகக்கண்ணில் யாருடைய சேறோ இன்னும் இருந்தது.
ரிஸ்வானா, ஏழாவது எது,
மணிக்கட்டா?
மணிக்கட்டுதான், என்றாள்
தூக்கத்தில்.