கோடைக்கு ஒரு வட்டம்

லியெபாயா டிராம் பணிமனை. இரவு பதினொன்று.
உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு பலகை,
அதன் ஓரத்தில் பச்சைப் பொட்டாய் ஒரு விளக்கு.
சர்மீதே கட்டளையைத் தட்டிவிட்டு
கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

வரைகலைச் சட்டகம். மூலநிரல் முழுவதும்
இங்கேயே, இந்தப் பலகையிலேயே
கம்பைல் ஆக வேண்டும்.
வீட்டில் பெரிய கணினி இருக்கிறது.
அதில் செய்து எடுத்து வந்திருக்கலாம்.
செய்தாள். எடுத்து வந்தாள். ஓடவில்லை.
ஏதோ ஒரு நூலகம், ஏதோ ஒரு பதிப்பு.
அடுப்பு மாறினால் உப்பும் மாறுமா என்றான்
இரவுப்பணி மெக்கானிக் ஐகர்ஸ்.
மாறுகிறதே.

முதலில் நான்கு கோப்புகளை ஒன்றாகக் கொடுத்தாள்,
மூளை நான்கு இருக்கிறதே என்று.
மூளை நான்கு; நினைவகம் அரை ஜிபி.
பதினோராம் நிமிடம் கர்னல் எழுந்து
ஒருத்தனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது.
குருவி தலையில் பனங்காய் வைத்தாகிவிட்டது,
குலையையே வைக்கக் கூடாது.
இனி ஒவ்வொன்றாக.

ஒவ்வொன்றாக என்றால் விடியும்வரை.

எச்சரிக்கைகள் ஓடிக்கொண்டே இருந்தன.
இந்தச் சார்பு வழக்கொழிந்தது.
இந்த மாறியை அறிவித்தாய், அழைக்கவே இல்லை.
யாரோ எங்கோ பெயர் வைத்து மறந்துபோன மாறி.
அவள் எதையும் திருத்தவில்லை.
கொல்லாத எச்சரிக்கையைப் படிக்க யாருக்கு நேரம்.

சூடு எழுபத்தொன்பது டிகிரி.
பலகையைத் தூக்கிச் சன்னல் விளிம்பில் வைத்தாள்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைனஸ் பதினொன்று.
அறுபத்திரண்டுக்கு இறங்கியது.
ஐகர்ஸ் தன் தேநீரையும் பக்கத்தில் வைத்தான்,
வைத்ததை மறந்தான்.

மேற்கே கடல். அங்கிருந்து வருகிற காற்றுக்குத்
தமிழில் கோடை என்று பெயர்.
ஜனவரியில், இந்தக் கரையில், அந்தச் சொல்
காதைப் பிய்த்துக்கொண்டு போகிறது.
அவளுக்கு இது தெரிய வேண்டியதில்லை.
வேகமும் திசையும் தெரிந்தால் போதும்;
கூரைமேல் கிண்ணங்கள் சுழன்று சொல்லும்.
அதைப் படமாக்கி நிறுத்தத்தில் மாட்ட வேண்டும்,
டிராம் வரும்வரை பார்க்க ஏதாவது.
நகராட்சி முந்நூறு யூரோ கொடுத்தது,
திரைக்கே போய்விட்டது.
அதனால்தான் இவ்வளவு சின்னப் பலகை.

மூன்று ஐம்பது. தொண்ணூற்றொரு விழுக்காடு.
மின்சாரம் போனது.

கம்பிப் பராமரிப்பு. அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்.
ஒட்டியது ஐகர்ஸ்.
அவனுக்கே இப்போதுதான் ஞாபகம் வந்தது.
இருட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதிருப்பது
சுலபமாக இருந்தது.
"முதலிலிருந்தா?"
அவள் ஒன்றும் சொல்லவில்லை.

நாலே முக்காலுக்கு விளக்கு வந்தது.
அதே கட்டளை. அதே பச்சைப் பொட்டு.
முடித்த கோப்புகளை அது
தேதி பார்த்தது, இருக்கட்டும் என்று தாண்டியது,
தாண்டியது, தாண்டியது,
விட்ட இடத்தில் போய் நின்றது.
அவள் சத்தமாகச் சிரித்தாள்.
கடைசியில் இணைப்பான் முரண்டு பிடித்தது:
ஒரு கோப்பு காலி. பூஜ்யம் பைட்.
இருட்டிய கணத்தில் எழுதிக்கொண்டிருந்தது;
பெயர் பதிந்துவிட்டது, உடம்பு வரவில்லை.
அந்தப் பெயரை அழித்தாள்.
அதை மட்டும் மறுபடி. இரண்டு நிமிடம்.

சாம்பல் நிறத்தில் ஒரு சாளரம் திறந்தது.
நடுவில் வெள்ளை வட்டம்.
"ராத்திரி முழுக்க இதற்கா?"
இதற்குத்தான்.
வட்டம் வலப்பக்கம் சாய்ந்தது, நடுங்கியது,
பாதி திரும்பி வந்தது, மறுபடி சாய்ந்தது.

ஐகர்ஸ் நம்பவில்லை.
பெரிய கதவை ஓர் ஆள் அளவுக்குத் தள்ளித்
திறந்து, வெளியே கையை நீட்டி,
கழுத்தைத் திருப்பி உள்ளே திரையைப் பார்த்தான்.
"இப்போது?"
"ஆமாம்."
"இப்போது?"
மேசைமேல் அவள் எழுதிவைத்த தாள்களெல்லாம்
எழுந்து பறந்தன.
"கதவைச் சாத்து," என்றாள்,
வட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.