அனாக் லெலாகி

லாரி ஓட்டுகிறவன் கையில் வேறு வரைபடம்.
பட்டர்வொர்த்திலிருந்து ஜொகூர் வரை
எந்த ஓய்விடத்தில் கழிவறைக்கு எத்தனை படி,
எங்கே விளக்கு எரியாது,
எங்கே இருபது சென் கேட்பார்கள்,
மூன்று வருடமாக எனக்கு மனப்பாடம்.

தே தாரிக் என்றேன்.
லாரியின் ஏசி என்றேன்.

இரவில் நான்கு முறை எழுவதை
எண்ணியவள் அமிர்தகௌரி.
நாள்காட்டியில், மீன் வாங்கிய கணக்குக்குப் பக்கத்தில்
சின்னச் சின்னக் கோடுகள்.
மாதம் முடிந்ததும் தாளைக் கிழித்து
என் சாவிக்கு அடியில் வைத்துவிட்டு
மீன் கழுவப் போனாள்.

பினாங்கு பொது மருத்துவமனை.
என் சீட்டில் 1107.
பக்கத்து நாற்காலிச் சீனர் எட்டிப் பார்த்தார்,
நல்ல எண் என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.
சாயங்காலம் நான்கு இலக்கத்தில் பணம் கட்டுவாராம்.
அவருடைய எண்ணையும் சொன்னார்.
அது அவ்வளவு நல்லதில்லை போல.

"குணாளன் அனாக் லெலாகி சடையன்!"

இந்த நாட்டில் என்னைத் தனியாகக் கூப்பிட முடியாது.
வங்கியில், சாலைத் தடுப்பில், சம்மன் கட்டும் சன்னலில்
என் பெயரைச் சொன்னால்
சடையன் மகன் என்று
செத்து இருபத்தாறு வருடமானவரும்
கூடவே எழுந்து வருவார்.

டாக்டருக்கு என் மகள் வயது.
வெளிர்நீல முக்காடு. பேனா மூடியைக் கடிக்கும் பழக்கம்.
குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்றார்.
இல்லை.
அப்பா எப்படி இறந்தார்?
முதுகுவலி.

முதுகுவலியில் யாரும் சாவதில்லை
என்று அவர் சொல்லவில்லை.
பேனாவை வாயிலிருந்து எடுத்தார்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கியவருக்கு
முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்றோம்.
தைலம் தேய்த்தோம். தைலத்தை மாற்றினோம்.
கடைசியில் இடுப்பைத் தொடவே விடவில்லை.
படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு வாளி,
ராத்திரியெல்லாம் அதில் சொட்டுச் சத்தம்...

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினேன்.
அந்தச் சத்தத்தை நான்
வேறெங்கும் கேட்டிருக்கிறேன்.

பக்கவாட்டில் படுங்கள், முழங்காலை மடக்குங்கள்.
திரையை இழுத்தார்கள்.
சுவரில் சாயம் உரிந்த இடம்
பினாங்குத் தீவு மாதிரியே இருந்தது.
கையுறை சுண்டியது.
மூச்சை விடுங்கள், என்சிக்.
ஜெலுத்தோங் எங்கே என்று தேடுவதற்குள் முடிந்துவிட்டது.
இந்த ஒரு விரலைப் பற்றி
டிப்போ கேண்டீனில் நான் அடித்த ஜோக்குகளை
வரிசையாக நிறுத்தினால் தைப்பிங் வரை போகும்.

இரண்டு வாரம் கழித்து ரத்தம் பேசியது:
ஆறு புள்ளி எட்டு.
நான்குக்குள் இருந்தால் தேவலை.
இது நோயின் பெயர் அல்ல, எண்தான் என்றார் டாக்டர்.
வெறும் வீக்கத்துக்கும் ஏறும், கிருமிக்கும் ஏறும்.
படம் எடுத்துப் பார்ப்போம்,
தேவைப்பட்டால் ஊசியால் துளி சதை எடுப்போம்.
தேதி அடுத்த மாதம் பத்தொன்பது.

வெளியே வந்து கிள்ளானுக்கு அடித்தேன்.
தம்பி மதியழகனுக்கு நாற்பத்தொன்பது.
எனக்கெல்லாம் ஒன்றுமில்லை, குழாய் மாதிரி வருது என்று சிரித்தான்.
ஐசியை எடு என்றேன்.
எதுக்கு?
எடுடா. பேரைப் படி.
படித்தான்.
முழுசா.
அனாக் லெலாகி, என்றான்,
அப்புறம் அந்தப் பெயர் வரக் கொஞ்சம் நேரமானது.
அவனுக்கும் வாளி ஞாபகம் வந்திருக்க வேண்டும்.
கடைக்குட்டி. அதைக் கழுவி வைத்தவன் அவன்தான்.

எப்போதும் பாலத்தில்தான் போவேன்.
இன்று லாரி இல்லை, பெர்ரி ஏறினேன்.
கயிறு அவிழ்ந்து கரை நகர்ந்த பிறகு
வழக்கம்போல முட்டிக்கொண்டு வருகிறது.
இதில் கழிவறை உண்டா, எந்தப் பக்கம்,
தெரியாது.