அறுபத்தொன்றாம் கேள்வி

செவ்வாய் மாலை ஆறரை.
ஆக்ரன் நகர நூலகத்தின் நிலவறையில்
வெப்பக் குழாய் தட்டிக்கொண்டே இருக்கும்,
உள்ளே வரலாமா என்று யாரோ கேட்பதுபோல்.

எனக்கு முன்பே வந்திருப்பார் டிகாராம் கதிவடா.
கோழி வெட்டும் ஆலையின் குளிர்
விரல்களிலிருந்து இன்னும் இறங்கியிருக்காது.
பென்சிலையும் கத்தியைப்போலவே பிடிப்பார்.

நான் பகலெல்லாம் பல் மருத்துவமனையில்
'அடுத்தவர்' என்று கூப்பிடுகிறவள்.
இந்த வேலைக்கு எனக்குக் கிடைத்த பயிற்சி
இரண்டு மணி நேரம், ஒரு துணிப்பை,
நூறு கேள்வி அட்டைகள்.

கொடியில் எத்தனை கோடு? பதின்மூன்று.
ஓஹியோவின் தலைநகர்? கொலம்பஸ்.
மிசிசிப்பி என்னும்போது மட்டும்
ஆற்றுக்குள் கால் வைத்தவராய்
நடுவில் தடுமாறுவார்.

அறுபத்தொன்று.
குடியேறியவர்கள் பிரிட்டிஷாரோடு ஏன் போரிட்டார்கள்?
அட்டையின் பின்பக்கம் இருக்கிறது:
வரி அதிகம்.

"வரி கட்டமாட்டோம் என்றார்கள்.
நாடு கிடைத்ததா, டார்சி மிஸ்?"
கிட்டத்தட்ட அப்படித்தான், என்றேன்.
"நாங்கள் கட்டினோம்."

உள்சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறை.
அதற்குள் தேநீர் நிறத்தில் இரண்டு காகிதம்.
பூட்டானின் தெற்கே ஓர் ஆரஞ்சுத் தோட்டம்,
அவர் அப்பாவின் கட்டைவிரல் ரேகை.
ஐம்பத்தேழாம் வருஷத்து ரசீது.
ஐம்பத்தொன்பதாம் வருஷத்து ரசீது.
அதிகாரிகள் கேட்டது
ஐம்பத்தெட்டு.

அந்த வருஷம் காய்க்கவில்லையா?
கேட்ட பிறகுதான் உறைத்தது எனக்கு.
"நன்றாகக் காய்த்தது. கட்டினோம்.
கூரை மூங்கிலில் செருகி வைத்தோம்."
அடுத்த சொல்லுக்கு அவரிடம் ஆங்கிலம் இல்லை.
மேசைமேல் இரண்டு விரலை ஓடவிட்டு
முன்பல்லைக் காட்டிக் கொறித்தார்.

நூறு அட்டையிலும் இல்லாத அந்தச் சொல்லை
எழுதிக் காட்டினேன். மூன்றே எழுத்து.
பதினெட்டு வருஷம் நேபாளத்து முகாமில்
அவரை உட்கார வைத்த சொல்.
இரண்டு முறை எழுதிப் பார்த்துவிட்டு
"அடுத்த கேள்வி" என்றார்.

அன்றிரவு அம்மாவுக்குப் போன் போட்டேன்:
என் பிறப்புச் சான்றிதழ் எங்கே?
"ஏன், வேலை போய்விட்டதா?" என்றாள்.
தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னவள்
இதுவரை தேடவில்லை.
நானும் மறுபடி கேட்கவில்லை.
எனக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

மார்ச்சில் கிளீவ்லாண்டில் நேர்காணல்.
ஆறு கேள்வி, ஆறும் சரி.
அறுபத்தொன்றை யாரும் கேட்கவில்லை.
அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்;
வழியெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டு போனாராம்.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் வந்தார்.
தேர்ச்சி என்று குறித்த தாளை
நகல் இயந்திரத்தின் கண்ணாடிமேல்
கோணாமல் வைத்தார்.
ஒரு நகல் பத்து சென்ட். மூன்று எடுத்தார்.
ஒன்று மகனுக்கு, கொலம்பஸில் இருக்கிறான்.
ஒன்று உள்சட்டைப் பையில்,
மற்ற இரண்டோடு.

மூன்றாவதை என்னிடம் நீட்டியவர்
பாதியில் கையை நிறுத்தி,
சுத்தமான உச்சரிப்பில் கேட்டார்:

"உங்கள் வீட்டில் எலி உண்டா?"