விலை கேட்டவர்

பெயரை மட்டும் சேமித்தால்
ஆள் ஞாபகத்துக்கு வருவதில்லை.
அதனால் என் போனில்
‘வேளச்சேரி மூடி லீக்’,
‘மதுரை அரைக்கிலோ, மாமியாருக்குத் தெரியக்கூடாது’,
‘ஓசூர் முருங்கையிலை போடாதது’,
‘டாக்டர்தான், ஆனாலும் கடன்’.
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர்.
அதில் ஒருத்தர்
‘விலை கேட்டவர்’.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டார்.
சொன்னேன்.
நீல டிக் விழுந்தது. அவ்வளவுதான்.

ஊத்துக்குளியில் உட்கார்ந்துகொண்டு
வெண்ணெயைப் பற்றிப் புதிதாக என்ன சொல்ல?
ஒரு கல் விட்டெறிந்தால்
ஏதாவதொரு வெண்ணெய்க்கடைப் போர்டில் படும்.
‘நவமணி நெய்’ என்று என் பெயரையே ஒட்டிக்
கூரியரில் அனுப்புகிறேன்.
பின்மதிலில், தண்டவாளத்தைப் பார்த்து,
ஆளுயரத்துக்கு நம்பர் எழுதி வைத்தேன்.
பெயிண்டருக்குக் கொடுத்த ஆயிரத்து இருநூறும் தண்டம்
என்பது வீட்டுக்காரர் கணக்கு.

விடிகாலை ஐந்தரைக்கு
வடச்சட்டியில் நுரை அடங்கி
அடியில் கசண்டு சிவக்கும் அந்த அரை நிமிஷத்தை
ஸ்டேட்டஸில் போடுவேன்.
சடசடவென்ற அந்தச் சத்தத்துக்குத்தான் ஆர்டர் விழும்.
ரயில் வந்தால் கையை இறக்கிவிட்டு
அத்தனை பெட்டியும் போய்த் தொலையட்டுமென்று நின்று
பிறகுதான் அமுக்குவேன்.
சில நாள் அதற்குள்
நிறம் ஒரு படி ஏறிவிடும்.

அவர் பார்ப்பார்.
ஒருநாள் ராத்திரி இரண்டே காலுக்கு,
ஒருநாள் மத்தியானம்,
ஒருநாள் படம் மறைய ஐந்து நிமிஷம் இருக்கையில்.
பார்க்காமல் விட்டதில்லை. வாங்கியதுமில்லை.

திருப்பூரில் ஒரு ஞாயிறு வகுப்பு.
எழுநூறு ரூபாய், மதியம் எலுமிச்சை சாதம்.
டை கட்டிய தம்பி பலகையில்
ஒரு புனல் வரைந்தார்.
“மூணு மாசமா வாங்காதவங்களைத் தூக்கிடுங்க மேடம்.
அதெல்லாம் செத்த நம்பர்.”
தலையாட்டினேன்.
பக்கத்து நாற்காலி பனியன்காரம்மா
கால் கிலோ எவ்வளவுங்க என்று காதில் கேட்டது.

வீட்டுக்கு வந்து நாற்பத்தொரு பேரை நீக்கினேன்.
அவர்மேல் விரலை வைத்தபோது
பால்காரர் பாக்கி கேட்டு வந்துவிட்டார்.
அப்படியே விட்டுப்போச்சு.

ஐப்பசியில் ஒருநாள் தீய்ந்துவிட்டது.
பன்னிரண்டு கிலோ.
சிவகாசிப் பார்சல் உடைந்து
யாரோ ஒற்றை நட்சத்திரம் குத்தியிருந்தார்;
கூரியர்காரரோடு கத்திவிட்டுத் திரும்பினால்
சட்டியில் காப்பிக்கொட்டை நிறம்.
அன்றைக்குப் படமில்லை. மறுநாளும் மனசில்லை.

ராத்திரி பதினொன்றரைக்கு:
“இன்னைக்கும் நெய் காய்ச்சலீங்களா?”
விலை கேட்டவர்!
விரல் தன்பாட்டுக்கு ஓடியது.
வணக்கம் சார், கால் இவ்வளவு, அரை இவ்வளவு,
கூரியர் தனி, ஜிபே இதே நம்பர்.

“வேண்டாங்க. எனக்கு நெய் ஆகாது.
கூட்ஸ் ஓட்டறேன், ஜோலார்பேட்டை.
உங்க ஊர்ல எனக்கு நிறுத்தம் கிடையாது.
விடியக்காலம் அந்தப் பக்கம் வந்தா
கேபினுக்குள்ள வாசம் ஏறும்.
எங்கேருந்துன்னு ரொம்ப நாள் தெரியல.
அப்புறம் மதில்ல நம்பரைப் பார்த்தேன்.
என்ன கேக்கறதுன்னு தெரியாம
விலையைக் கேட்டுட்டேன்.”

கொஞ்சம் பொறுத்து இன்னொன்று:
“நேத்து தீஞ்ச வாசம் வந்துச்சு. அதான்.”

எதையோ அடித்தேன், அழித்தேன்.
“ஆமாங்க. பன்னெண்டு கிலோ” என்று மட்டும் போட்டேன்.
“அடடா” என்றார்.

தம்பி வரைந்த புனலில்
இவரை எங்கே வைப்பது என்று
இன்னும் பிடிபடவில்லை.
பெயரையும் மாற்றவில்லை.
ரயில் வந்தால் மட்டும் இப்போது
கையை இறக்குவதில்லை.

வேளச்சேரி மூடி லீக் எழுதியிருக்கிறார்:
என்னங்க இது,
நெய் காயற சத்தமே கேக்க மாட்டேங்குது.