அடிக்கட்டை

வாய் திறப்பதற்கு முன்
ஆளின் செருப்பைப் பார்த்துக்கொள்வேன்.
குதிகால் தேய்ந்திருந்தால் பத்து ரூபாய்ப் புத்தகம்,
பளபளப்பாக இருந்தால் நூறு.
தோல் பட்டறைத் தண்ணீரில் வெறுங்காலோடு நிற்பவனிடம்
கேட்பதில்லை.
அவனே கூப்பிட்டுத் தருவான்,
ஈரக்கை பட்டு மை கலங்கும்.

தாராவியில் முப்பத்தோரு வருஷம்.
தேர்தல் என்றால் ஐம்பது புத்தகம்,
மாநாடு என்றால் எண்பது,
சென்னையில் தலைவருக்குச் சளி பிடித்தாலும்
இங்கே ஒன்று கிழியும்.

இட்லிக்காரர்களை விடிகாலை மூன்றுக்குப் பிடிக்க வேண்டும்,
கிரைண்டர் சத்தத்துக்கு மேல் கொள்கை பேசி.
மாட்டுங்கா வங்கிக்காரர்கள் ஞாயிறு பன்னிரண்டரை:
உள்ளே சாம்பார் கொதிக்கும்,
என்னை அனுப்பிவிடும் அவசரத்தில் பர்ஸ் திறக்கும்.
குர்லா பழைய இரும்பு பிச்சைக்கனி
மாசத்தில் ஏழாம் தேதி மட்டும் சிரிப்பான்.
கட்டிடம் கட்டும் ஜாவேரி ரசீது வேண்டாம் என்றார்.
ரசீது இல்லாத பணத்துக்கு எடை அதிகம்.
அதைத் தூக்கியது செயலாளரின் கார்;
நான் மாடிப்படியைக் காட்டினேன்,
அவ்வளவுதான் என்று
பல ராத்திரி எனக்கே சொல்லியிருக்கிறேன்.

பகலில் மஸ்ஜித் பந்தரில் மூட்டை எண்ணும் சம்பளம்.
மாலையில் நாற்காலி, மைக், பந்தல்,
போலீஸ் அனுமதியை மராத்தியில் எழுதும் காம்ப்ளே மாஸ்தருக்கு
ஒரு கட்டிங் சாயா.
சயான் திடலுக்குத் தலைவர் மழையோடு வந்தார்.
"பெங்களூர் வாழ் தமிழர்களே" என்று தொடங்கினார்.
கூட்டம் ஒரு நொடி முழித்தது.
நான்தான் முதலில் கை தட்டினேன்.

வெள்ளம் வந்த வருஷம்
இடுப்பளவு தண்ணீரில்
அடிக்கட்டைப் பெட்டி என் தலையில்,
டிவி பாக்கியத்தாய் தலையில்.
எது முதலில் வெளியேறியது என்று
வீட்டில் இன்றைக்கும் ஒரு வழக்கு நடக்கிறது.

ஒரு தொழில் ரகசியம்.
வெற்றுப் புத்தகத்தில் முதல் ஆளாக
எவனும் பேர் கொடுக்க மாட்டான்.
அதனால் ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் தாள்
கு. வேதமாணிக்கம், ரூபாய் ஐநூறு.
வடாலாவில் ஒரு மரக்கடைப் பலகையில் பார்த்த பேர்,
கடை பூட்டி வெகுநாள்.
"வேதமாணிக்கமே ஐநூறா?" என்று
இருபது எடுத்தவன் ஐம்பதாக்குவான்.
அந்த ஐநூறு என் சம்பளத்தில்.
பள்ளிக்கூட பீஸுக்காக வளையல் அடகுக்குப் போன மாசமும்
வேதமாணிக்கம் தவறியதில்லை.

போன செவ்வாய் கட்சி உடைந்தது.
மறுநாள் ரஞ்சிதபுஷ்பம்
கொப்பரை மூடியைத் தூக்கி
ஆவிக்குள்ளிருந்து கேட்டாள்:
"நான் குடுத்த முந்நூறு
இப்ப எந்தப் பக்கம் இருக்கு?"
கேட்கத்தான் எனக்குப் பழக்கம்.
நாலு இட்லி கட்டச் சொன்னேன்,
சட்னியை மறந்து நடந்தேன்.

அன்றைக்கே இரண்டு பக்கமிருந்தும் போன்.
"ஏய் பம்பாய்" என்று கூப்பிட்டுப் பழகியவர்கள்
"சேர்மத்துரை அண்ணே" என்றார்கள்.
பேரேட்டைக் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள்.
மும்பைக் கிளையின் ஆகப் பெரிய புரவலர்
வேதமாணிக்கம் ஐயா.
"ஐயா நம்ம பக்கம்தானே?"
அந்தப் பக்கமும் அதையே கேட்டது,
கூடவே அவருக்கு மாநிலப் பொருளாளர்,
எனக்குத் துணை.
"கேட்டுச் சொல்றேன்" என்றேன்,
இரண்டு பேரிடமும்.

புதுப் புத்தகங்கள் வந்துவிட்டன, இரண்டு பார்சல்.
சின்னத்தை முடக்கிவிட்டார்களாம்;
அது இருக்க வேண்டிய இடத்தில்
வெள்ளை வட்டம்.
நாளை ஏழாம் தேதி, பிச்சைக்கனி சிரிப்பான்.
முதல் தாளில் 'கு' வரைக்கும் எழுதிவிட்டு
விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.
வேதமாணிக்கம் இன்னும் வாய் திறக்கவில்லை.